புதன்கிழமை நரி

மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் மின்விசிறி பழுதுபார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒருவர் உள்ளே உட்கார்ந்தால் இன்னொருவர் வெளியே நின்றுதான் பேச வேண்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் லிஃப்டைத் தொட்டு இரண்டு வருடமாகிறது. வேலை போய்விட்டது, பெயர் மட்டும் போகவில்லை. அந்த வேலையைப் போகவைத்தவர் ஒருவர் உண்டு. அவரை மனதுக்குள் கரித்துக் கொட்டாமல் லிஃப்ட்காரர் ஒரு திருகாணியைக்கூட முடுக்கியதில்லை.

அந்தப் புண்ணியவான் லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். இருவரும் ஒரே காலத்தில் எடுபிடிகளாகச் சேர்ந்து, ஒரே டப்பாவில் கிரீஸ் எடுத்தவர்கள்தான். ஒருவருக்கு வேலை வரும், இன்னொருவருக்குப் பேச்சு வரும். கம்பெனிகளில் எது வருகிறவர் மேலே போவார் என்று உங்களுக்கே தெரியும். அப்போதும் லிஃப்ட்காரருக்கு அதில் பொறாமை இருந்ததில்லை. "அண்ணே, அண்ணே" என்று அவர் பின்னாலேயே சுற்றினார். கையில் ரேடியோ செட்டை வைத்துப் பேசும் பைத்தியத்தை இவருக்குப் பிடிக்கவைத்ததும் அந்த அண்ணன்தான்.

பிறகு அந்த ஏழு மாடிக் கட்டடத்து விவகாரம் வந்தது. அங்கே லிஃப்டைப் பிடித்து நிறுத்தும் பிரேக் லைனிங் தேய்ந்து தகடு மாதிரி ஆகிவிட்டதைப் பார்த்து, "அண்ணே, இதை உடனே மாத்தணும், இல்லன்னா நிறுத்தி வெச்சிடலாம்" என்றார் லிஃப்ட்காரர். "ஓடுற வரைக்கும் ஓடட்டும் தம்பி. அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார் சூப்பர்வைசர். அடுத்த மாதம் வருவதற்குள், ஏழாவது மாடியில் குடியிருந்த தையல்கார அம்மா தைத்த துணி மூட்டையோடு லிஃப்டில் ஏறினார். நிற்க வேண்டிய மாடியில் நிற்காமல் லிஃப்ட் வழுக்கிக்கொண்டு கீழே போய் முட்டியது. அந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

கம்பெனியில் விசாரித்தபோது சூப்பர்வைசர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார்: "நான் மாத்தச் சொல்லிட்டேன் சார். இவன்தான் சோம்பல்ல விட்டுட்டான்." அவ்வளவுதான். சாட்சி கிடையாது. அண்ணன் சொன்ன வாய் வார்த்தைக்கு யார் சாட்சி வைத்துக்கொள்வார்கள்? லிஃப்ட்காரர் ஸ்பானர்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

வேலை போனதைக்கூட அவர் ஒரு மாதிரி விழுங்கிவிட்டார். விழுங்க முடியாதது வேறொன்று. லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறை அந்த அம்மாவின் வீட்டுக்கு நேர் மேலே, மொட்டைமாடிப் படி முடிகிற இடத்தில் இருக்கிறது. எப்போது மேலே போனாலும் அந்த அம்மா வராந்தாவில் ஒரு நாற்காலியைப் போட்டு, "உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பார். இவரும் அவருடைய தையல் மெஷின் மோட்டாரைப் பலமுறை சரிசெய்து கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீடு திரும்பியதும் லிஃப்ட்காரர் ஒரு பை ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். கதவு பாதி திறந்தது. கம்பை ஊன்றிக்கொண்டு நின்ற அந்த அம்மா இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்கு வந்தீங்க? மிச்சம் மீதி ஏதாவது உடையாம இருக்கான்னு பாக்கவா?"

கதவு மூடிக்கொண்டது. இவர் ஆப்பிளோடு ஏழு மாடி இறங்கினார். நடந்தது என்ன என்று சொல்லக்கூட அந்த அம்மா இடம் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே போய் முதல் ஆளாக இவர் பெயரைச் சொல்லிவிட்டு வந்தது யார் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து லிஃப்ட்காரர் சூப்பர்வைசரை அண்ணே என்று கூப்பிடுவதில்லை. சார் என்கிறார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறிக்கொண்டே போனது.

இவ்வளவு நடந்தும் இருவரும் ஒரே ரேடியோக் கூட்டத்தில்தான் இருந்தார்கள். "அந்த ஆள் மூஞ்சில முழிக்கிறதுக்கு வாரா வாரம் போகணுமா?" என்று மனைவி கேட்டார். "பாத்துக்கிட்டே இருந்தாத்தான் எனக்கு ஆறாம இருக்கும்" என்றார் இவர். பொழுதுபோக்குக்கு இப்படி ஒரு காரணம் சொன்ன ஆள் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அந்தக் கூட்டத்தின் விளையாட்டுக்கு நரி வேட்டை என்று பெயர். புதன்கிழமை வேலை முடிந்த கையோடு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் கூடுவார்கள். ஒருவர் ஊருக்குள் எங்கேயாவது ஒரு சின்னப் பெட்டியை ஒளித்துவைப்பார். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். அதுதான் நரி. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை 'கீ… கீ…' என்று ரேடியோவில் கத்தும். மற்றவர்கள் பிளாஸ்டிக் குழாயில் இரும்பு அளவு டேப்பை வெட்டிப் பொருத்திய ஏரியலைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் திருப்பினால் சத்தம் கூடுகிறது என்று பார்த்துப் பார்த்து நரியைத் தேடிப் போவார்கள். தெருவில் போகிறவர்கள் இவர்களைப் பார்த்து ஒதுங்கி நடப்பார்கள். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று நினைத்தால் அதிலும் தப்பில்லை.

பெட்டியைச் சுற்றித் துணி உலர்த்தும் கிளிப்புகள் மாட்டியிருக்கும். கண்டுபிடித்தவர் ஒரு கிளிப்பைக் கழற்றிக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடாமல் டீக்கடைக்குத் திரும்ப வேண்டும். ஒளித்தவர் டீக்கடையில்தான் உட்கார்ந்திருப்பார். ஆட்டம் முடிகிறவரை அவர் ரேடியோவில் ஒரு வார்த்தை பேசக்கூடாது. இதுதான் சட்டம்.

சூப்பர்வைசர் பெரும்பாலும் முதல் ஆளாக வருவார். வந்து கிளிப்பை மேஜைமேல் சொடக்கிப் போட்டுவிட்டு, பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுப்பார். போன மாதம் லிஃப்ட்காரர் கடைசியாக வந்து சேர்ந்தபோது அவர் சொன்னார்: "நம்ம லிஃப்ட்காரர் எதையும் நிதானமாத்தான் செய்வாரு. பாவம், லிஃப்டுதான் அவசரப்பட்டு இறங்கிடும்."

யாரோ சிரித்தார்கள். சிரித்தவருக்கு விஷயம் தெரியாது. கூட்டத்தில் இருந்த கணக்கு டீச்சர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். லிஃப்ட்காரரும் சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது எப்படி என்று அன்றைக்கு அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கலாம். இந்த மாதம் நரியை ஒளிக்கும் முறை அவருடையது.

அந்தப் புதன்கிழமை கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய ஒரு பெரிய காந்தத்தைப் பெட்டியின் அடியில் பிசின் போட்டு ஒட்டினார். மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"அந்த ஆளுக்கு இன்னைக்குத் தண்ணி காட்டப் போறேன்."

"பழி வாங்கப் போறவரு ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போகலாம். பசிச்ச வயித்தோட போனா பாதியிலயே மன்னிச்சிட்டு வந்துருவீங்க. உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"மன்னிக்கிறதா? நானா?"

"போன தடவையும் இப்படித்தான் கொதிச்சிட்டுப் போய், அந்த ஆளோட டார்ச்சை ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டு வந்தீங்க."

அது உண்மைதான். அதை நினைத்தாலே இவருக்கு உடம்பு கூசியது. நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, பெட்டியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வெயில் இறங்கியிருந்தது. டீக்கடை முன்னால் எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள். கணக்கு டீச்சர் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஊர் வரைபடத்தை விரித்துவைத்துக் கிளிப் போட்டுக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரரின் மனைவிக்குத் தம்பி, அதாவது மச்சான், பேக்கரி வைத்திருக்கிறார். அவர் மாவு ஒட்டிய சட்டையோடு பன் பையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். இன்னும் இரண்டு மூன்று பேர் ஏரியல்களை முடுக்கிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசரின் வெள்ளை வேன் வழக்கம்போல எல்லோருக்கும் வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

"என்னப்பா, நரியை எங்க படுக்க வெச்சிருக்க? கண்டுபிடிக்கிற மாதிரியாவது வெச்சிருக்கியா?" என்றார் சூப்பர்வைசர்.

"உங்களுக்குப் பக்கமாத்தான் சார் வெச்சிருக்கேன். வயசானவர அலைய விடக்கூடாதில்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசரும் பெரிய மனது பண்ணிச் சிரித்துவிட்டு டீ வாங்கத் திரும்பினார். அந்த நேரத்தில் லிஃப்ட்காரர் செருப்பு வாரைச் சரிசெய்கிறவர் மாதிரி குனிந்து, வேனின் பின்பக்க பம்பருக்கு அடியில் கையை விட்டார். காந்தம் 'டொக்' என்று ஒட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் அவர் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது. எல்லோரும் கிளம்பிப் போன பிறகுதான் நரி கத்த ஆரம்பிக்கும்படி நேரத்தை வைத்திருந்தார். தன் நரியைத் தானே சுமந்துகொண்டு சூப்பர்வைசர் வேட்டைக்குப் போனார்.

லிஃப்ட்காரர் டீயை வாங்கிக்கொண்டு, கையடக்க ரேடியோவை மேஜைமேல் வைத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

முதல் 'கீ' கேட்டதுமே சூப்பர்வைசரின் குரல் வந்தது. "எனக்கு மீட்டர் முள்ளு கடைசி வரைக்கும் போயிருச்சு. நீங்க எல்லாரும் மெதுவா வாங்க, நான் கிட்டத்தட்ட மேலயே நிக்கிறேன்."

மேலேயேதான் நின்றார். வேனைவிட்டு இறங்கி ஏரியலைச் சுற்றிப் பார்த்தால், வேன் இருக்கும் பக்கம்தான் சத்தம் அதிகம். வேனுக்கு அந்தப் பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி. அங்கேதான் என்று தொட்டிக்கு அடுத்த தெருவுக்கு வேனை ஓட்டினார். அங்கே இறங்கிப் பார்த்தால் மறுபடியும் வேன் பக்கம். வேனுக்குப் பின்னால் பள்ளிக்கூட மதில். மதிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். இறங்கினார். மறுபடியும் வேன். வேனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடிய மனிதருக்கு வேனையே தேட வேண்டும் என்று தோன்றவில்லை. தன்னிடம் ஒரு கோளாறு இருக்கும் என்று அவருக்கு என்றைக்குத் தோன்றியது, இன்றைக்குத் தோன்றுவதற்கு?

"சிக்னல் தொட்டியில பட்டுத் திரும்புது. அனுபவம் இல்லாதவங்க ஏமாந்துருவாங்க" என்று ரேடியோவில் வகுப்பெடுத்தார். லிஃப்ட்காரர் டீக்கடைப் பெஞ்சில் தொடையைத் தட்டிக்கொண்டு குலுங்கினார். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார்.

"இல்ல. இப்பத்தான் சரியாயிட்டு வருது."

கணக்கு டீச்சர்தான் முதலில் கண்டுபிடித்தார். சத்தம் வரும் திசையைப் பார்த்து வரைபடத்தில் அவர் போட்ட கோடுகள் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளவே இல்லை. நரி நகர்கிறது என்று புரிந்தது. ஒவ்வொரு தடவை நகரும்போதும் சூப்பர்வைசர் அந்தப் பக்கத்திலிருந்துதான் பேசுகிறார் என்பதும் புரிந்தது. பேருந்து நிறுத்தத்தில் வேன் நின்றபோது பின்னாலேயே ஸ்கூட்டரை நிறுத்தி, குனிந்து, ஒரு கிளிப்பைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதை மேஜைமேல் வைத்தபோது அவர் முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை.

"விவகாரமான ஆளுய்யா நீங்க" என்றார்.

அடுத்து மச்சான் வந்தார். "மாமா, நான் கிளிப்பை எடுக்கும்போது அவரு கண்ணாடியில பாத்துட்டாரு. 'என்னப்பா, என் வண்டி பின்னாடியே வர்றீங்க, சொந்த மூளை இல்லையா'ன்னு கேட்டாரு. 'உங்கள நம்பித்தானே சார் இருக்கோம்'னு சொல்லிட்டு வந்துட்டேன்."

ஒவ்வொருவராக வந்தார்கள். மேஜைமேல் கிளிப்புகள் சேர்ந்தன. பன் பை காலியானது. இன்னும் வராதவர்கள் சூப்பர்வைசரும் இன்னொருவரும்தான். சூப்பர்வைசர் ரேடியோவில் பேசும் தோரணை கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வந்தது. முதலில் வகுப்பு நின்றது. பிறகு ரேடியோ செட்டைத் திட்டினார். பிறகு, "யாராவது கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். கண்டுபிடித்தவர் பேசக்கூடாது என்பது சட்டம் என்பதால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவர் கேட்டது ஒரு மாதிரியாக இருந்தது.

"தம்பி, நீ நரியத் தூக்கிட்டு என் பின்னாடியே வர்றியா? எங்க போனாலும் கூடவே வருது. என்ன விளையாட்டு இது?"

மச்சான் சிரித்தார். லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. அந்தக் குரலில் பயம் இருந்தது. இரண்டு வருடமாக அந்தக் குரலில் ஒரு நாளும் கேட்காத பயம். ஊரார் முன்னால் கொஞ்சம் அசடு வழிய வைக்கலாம் என்றுதான் இவர் நினைத்திருந்தார். அதற்குமேல் ஒன்று கிடைக்கும்போலிருக்கிறது என்று தோன்றியதும் நாக்கில் ருசி தட்டியது.

"போதுமே. சொல்லிடலாமா?" என்று டீச்சர் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும் டீச்சர். ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

இருட்டத் தொடங்கியது. தெருவிளக்குகள் எரிந்தன. ரேடியோவில் நீண்ட நேரம் நரியின் 'கீ கீ' மட்டும் கேட்டது. பிறகு சூப்பர்வைசர் சொன்னார்: "தெரிஞ்சு போச்சு. நீ எங்க இருக்கேன்னு தெரிஞ்சு போச்சு. மேலதான் இருக்க."

மேலே என்றால்? இவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த இன்னொருவர் அப்போதுதான் கிளிப்போடு வந்து சேர்ந்து சொன்னார்: "இப்ப அந்த ஏழு மாடிக் கட்டடத்து வாசல்லதான் வேனை நிறுத்துனாரு. ஏரியலைக்கூட வண்டியிலயே போட்டுட்டு, செட்டை மட்டும் கையில எடுத்துட்டு விறுவிறுன்னு உள்ள போனாரு. அதுக்கப்புறம்தான் நான் கிளிப்பை எடுத்தேன்."

லிஃப்ட்காரருக்கு டீ கிளாஸ் கையிலேயே நின்றது. அந்தக் கட்டடத்தின் பெயரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தெருப்பக்கமே அவர் போவதில்லை. எங்கே போனாலும் விடாமல் ஒன்று பின்னால் வந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று அந்த மனிதருக்குத் தானாகவே தோன்றியிருக்கிறது. அப்படியானால் ஒரு நாளும் மறக்கவில்லை! தெரிந்துகொண்டே, நினைவில் வைத்துக்கொண்டே, அவர் கேலி பேசிக்கொண்டு திரிந்திருக்கிறார். இவருக்குக் காதெல்லாம் சூடேறியது.

செட்டில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. பேசுவதற்கு அழுத்தும் பித்தானைத் தெரியாமல் அழுத்திக்கொண்டே படியேறுகிறார் போலிருக்கிறது.

"அங்க லிஃப்ட் ஓடுதில்ல? எதுக்கு நடந்து ஏறுறாரு?" என்று மச்சான் கேட்டார்.

"அந்த லிஃப்டைப் பராமரிக்கிறது அவரு கம்பெனி. அவருக்குத் தெரியாதா?" என்றார் லிஃப்ட்காரர்.

மூச்சிரைப்பு நின்றது. ஏதோ இரும்புக் கதவைத் தட்டும் சத்தம். பிறகு அடங்கிய குரல்.

"தம்பி, நீ மோட்டார் ரூமுக்குள்ளதான் இருக்க. எனக்குத் தெரியும். கம்மி பவர்ல பேசுறேன், நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் கேக்கும். மத்தவங்க யாருக்கும் கேக்காது."

டீக்கடையில் எல்லோருக்கும் கணீரென்று கேட்டது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். செட்டில் பவரைக் குறைத்தால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் என்பது தரையில் நிற்கிறவர்களுக்குச் சரி. ஏழு மாடிக்கு மேலே, ஊரிலேயே உயரமான இடத்தில் நின்றுகொண்டு எவ்வளவு குறைத்தாலும் ஊர் முழுக்கக் கேட்கும். இந்தப் பாடத்தைப் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் நடத்துகிறவரே அவர்தான். பயம் வந்தால் பாடமெல்லாம் எங்கே நினைவிருக்கிறது?

"எதுக்கு என்னை இங்க வரவெச்சேன்னு புரியுது. சரிப்பா. லைனிங் மாத்த வேணாம்னு சொன்னது நான்தான். ஆபீஸ்ல உன் மேல போட்டதும் நான்தான். எனக்குப் புரமோஷன் வர்ற நேரம், நான் என்ன பண்ணட்டும்? உனக்கு வேற கம்பெனில சொல்லி ஒரு வேலைக்கு ஏற்பாடு பண்றேன். இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். வெளிய வா. கையில எதுவும் வெச்சிருந்தா கீழ போட்டுட்டு வா."

மச்சான் கையில் ஒரு துண்டு பன்னோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். போன மாதம் சிரித்தவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் லிஃப்ட்காரரைப் பார்க்கக் கூச்சப்பட்டார்கள்.

லிஃப்ட்காரர் செட்டை எடுத்தார். ஒளித்தவர் பேசக்கூடாது என்பது சட்டம். டீச்சரைப் பார்த்தார். டீச்சர், "பேசுங்க" என்று தலையசைத்தார்.

"சார், விட்டு விட்டு வருது. திரும்பச் சொல்லுங்க" என்றார் லிஃப்ட்காரர்.

"கேக்கலயா? லைனிங் மாத்த வேணாம்னு நான்தான் சொன்னேன்னு சொல்றேன்!"

"லைனிங்னு என்னமோ காதுல விழுது சார். யாரு சொன்னதுன்னு சரியா விழல. சுவரு தடுக்குது போல."

சுவர் தடுத்தால் கத்திப் பயனில்லை, ரேடியோவுக்குக் காது கிடையாது என்று அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவசரம் வந்தால் எல்லோரும் கத்துவார்கள். சூப்பர்வைசர் கத்தினார். இரும்புக் கதவை உதைத்துக்கொண்டு, படிக்கட்டெல்லாம் எதிரொலிக்கக் கத்தினார்.

"நான்தான்டா! நான்தான் மாத்த வேணாம்னு சொன்னேன்! உன்மேல பொய் சொன்னதும் நான்தான்! போதுமா? வெளிய வாடா!"

இன்னொரு தடவை கேட்கலாம் என்று லிஃப்ட்காரர் வாயெடுத்தார். மேலும் நூறு தடவை கேட்டாலும் அவருக்கு அலுத்திருக்காது. ஆனால் அந்தப் பக்கம் பித்தானிலிருந்து விரல் எடுக்கப்படவில்லை. அது அழுந்தியிருக்கும்வரை இவர் பேசினால் போய்ச் சேராது. கேட்கத்தான் முடியும்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. ஊன்றி ஊன்றிப் படியேறும் சத்தம். அப்புறம் ஒரு பெண் குரல்.

"யாரு அது, வெளக்கு வைக்கிற நேரத்துல இந்தக் கத்து கத்துறது?"

சூப்பர்வைசரின் குரல் எங்கோ போய்விட்டது. "ஒண்ணுமில்லம்மா… லிஃப்ட் செக்கிங்…"

"நில்லுங்க. நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தவருதானே? என் கட்டில் பக்கத்துல நின்னு, அந்த மெக்கானிக்காலதான் உங்களுக்கு இப்படி ஆச்சுன்னு சொன்னவருதானே?"

"அம்மா, அது வந்து…"

"நான் காலத்தான் இழுத்து நடக்கிறேன், காது நல்லாத்தான் கேக்குது. மூணு தடவ கேட்டேன். இப்ப என் மூஞ்சியப் பாத்து இன்னொரு தடவ சொல்லுங்க."

செட்டில் மோட்டார் ஓடும் இரைச்சல் மட்டும் வந்தது.  மச்சான் லிஃப்ட்காரரின் தோளில் கை வைத்தார். கொஞ்ச நேரம் தடவல், உரசல், "அந்தக் கருமத்த இங்க குடுங்க" என்ற சத்தம். அப்புறம் அதே பெண் குரல், செட்டுக்கு வெகு அருகில், காது கிழிகிற மாதிரி.

"இத அமுக்கிட்டுத்தான் பேசணுமா? ஹலோ. தம்பி, நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. உங்க குரலக் கேட்டேன். இங்க வாங்க. இந்த ஆளு எங்கயும் போக முடியாது, படிக்குக் குறுக்க நான் நிக்கிறேன். நீங்க வந்ததும் உங்க முன்னாடி முதல்லேருந்து சொல்லச் சொல்றேன்."

லிஃப்ட்காரர் பித்தானை அழுத்தினார். அவர் பேசுவதற்குள் மச்சான் குனிந்து அவருக்குப் பதில், "வர்றாரும்மா" என்றார்.

"ஸ்கூட்டர்ல ஏறுங்க, அஞ்சு நிமிஷத்துல கொண்டுபோய் விட்டுடறேன்" என்று டீச்சர் எழுந்தார்.

லிஃப்ட்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"வேணாம் டீச்சர். நான் நடந்தே போறேன்."

"ரொம்ப தூரமாச்சே?"

"தெரியும்."

கடை வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினார். மனைவி பயந்த மாதிரி அவருக்கு வழியில் மன்னிப்பெல்லாம் வரவில்லை. கோபம் கொஞ்சமும் குறையவில்லை. அந்த ஆள் அந்த அம்மா முன்னால் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் இவருக்கு வேண்டியிருந்தது. அதனால் கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக வேடிக்கை பார்த்துக்கொண்டு மெதுவாகவே நடந்தார். பழக்கடையில் நின்று, ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடிபடாத ஆப்பிளாகப் பொறுக்கி எடுக்க ஆரம்பித்தார்.